“ரெண்டு டம்ளர் தண்ணிக்கு மேல தரமாட்டேங்கிறாங்க, டாக்டர்”

தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து 28 வயது வாசகி ஒருவர் நீண்ட மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பெங்களூரில் தனியார் நிறுவனத்தில் வேலை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவருக்கு சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது எடை 2.8 கிலோ. கடிதம் எழுதிய அன்று பிரசவமாகி 16 நாள்.

அம்மாவும் ஆச்சியும் பத்தியம் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர்தான். “தண்ணி குடிச்சா வயிறு தொங்கிரும், தையல் சீழ் வைக்கும், ஜன்னி வந்திரும்” என்பது ஆச்சியின் வாதம். பழம், பருப்பு, காய் எதுவும் கிடையாது. சோறு, மிளகுக் குழம்பு, பூண்டு, சுட்ட கருவாடு, காலையும் மாலையும் ஓர் உருண்டை மருந்து. மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை சூடு என்று நிறுத்தப்பட்டுவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் கொதிக்கக் கொதிக்க வேது குளியல், அது முடிந்ததும் பழைய சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டுதல், அப்புறம் கதவு ஜன்னலைச் சாத்திச் சாம்பிராணி. குழந்தைக்கு இரண்டு முறை வசம்பு உரைத்து நாக்கில் தடவியிருக்கிறார்கள். கணவர் தினமும் பெங்களூரிலிருந்து வீடியோக்களை அனுப்பி, எல்லாம் மூடநம்பிக்கை, முப்பதாம் நாள் கிளம்பி வா என்கிறார். இவருக்குத் தலைசுற்றல், மலச்சிக்கல், பால் போதவில்லையோ என்ற கவலை, ராத்திரியில் அழுகை. “பத்தியத்தை மொத்தமாக விட்டுவிடட்டுமா? ஆச்சியை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை” என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

பத்தியத்தைப் பற்றிப் பேசும் முன் உங்கள் காலைப் பற்றிப் பேச வேண்டும். கருவாட்டுக்கும் சாம்பிராணிக்கும் நடுவே ஒரே ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள்: “இரண்டு நாளாக இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது, குளிர்ச்சி என்று ஆச்சி தைலம் தேய்த்துவிடுகிறார்.” அந்த மின்னஞ்சலில் அவசரமான விஷயம் இது ஒன்றுதான். அதனால்தான் அன்றைக்கே பதில் அனுப்பி, தேய்ப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் ரத்தக்கட்டு இல்லை, தசைப்பிடிப்புதான் என்று மறுநாள் எழுதியிருந்தீர்கள். நிம்மதி. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக விளக்கத்தை இங்கே சேர்க்கிறேன்.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க, கர்ப்ப காலத்திலேயே ரத்தத்தின் உறையும் தன்மை கூடிவிடுகிறது. இது பிரசவத்துக்குப் பிறகும் சுமார் ஆறு வாரம் நீடிக்கும். அந்த ஆறு வாரத்தில் காலின் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து மற்ற காலத்தைவிடப் பல மடங்கு அதிகம். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கூடும். தண்ணீர் குறைந்தாலும், நடமாட்டம் இல்லாமல் படுத்தே கிடந்தாலும் மேலும் கூடும். கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, கொஞ்சம் சூடாகவும் இருந்தால் தேய்க்கவோ நீவவோ கூடாது. அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஆச்சி எதற்குப் பயப்படுகிறார்

உங்கள் கணவர் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆச்சியின் பயத்துக்குக் காரணம் உண்டு. அவர் பிள்ளை பெற்ற காலத்தில் வீட்டில்தான் பிரசவம் நடந்தது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ காய்ச்சல் கண்டு, பிதற்றி, கைகால் வெட்டி இழுத்து ஒரு பெண் போய்ச் சேர்வதை ஊருக்கு ஊர் பார்த்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் சேர்த்து ஜன்னி என்று ஒரே பெயர். பச்சை உடம்புக்காரிக்குக் குளிர்ச்சி ஏறியதால் வந்தது, அந்தக் குளிர்ச்சி தண்ணீரிலும் பழத்திலும் காற்றிலும் இருந்து வந்தது என்று காரணம் கண்டுபிடித்தார்கள். அந்தப் பயத்திலிருந்து எழுந்த வேலிதான் இந்தப் பத்தியம். உங்கள் மேல் உள்ள பிரியத்தில்தான் ஆச்சி தண்ணீர்ச் செம்பை ஒளித்துவைக்கிறார்.

பயம் நியாயமானது, காரணம்தான் தவறு. ஜன்னி என்ற அந்த ஒரே பெயருக்குள் குறைந்தது நான்கு நோய்கள் இருந்தன. கர்ப்பப்பையில் கிருமி தொற்றி ரத்தத்தில் பரவும் காய்ச்சல் ஒன்று. வியன்னாவில் 1847-இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் கை கழுவினாலே இந்தக் காய்ச்சல் வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். ரத்தக்கொதிப்பு ஏறி வரும் வலிப்பு இரண்டாவது. பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் வரை இது வரக்கூடும். மூன்றாவது, மூளையின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துபோவது. நான்காவது, பிரசவத்தை ஒட்டி வரும் கடுமையான மனநோய். ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு இது வருகிறது. இந்த நான்கில் எதற்கும் தண்ணீரோ பழமோ காரணம் இல்லை. மூன்றாவது நோய்க்கு, தண்ணீர் குடிக்காமல் உடல் வறண்டுபோவதே வழிவிடும் காரணங்களில் ஒன்று. ஆச்சி எதைத் தடுக்க நினைக்கிறாரோ, அதற்கே இந்த இரண்டு டம்ளர் கணக்கு இடம் கொடுக்கிறது. இதை ஆச்சியிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், கேட்பார்.

தமிழ்நாட்டில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதம். முன்பு போலக் கொத்துக் கொத்தாகத் தாய்மார்கள் சாகாததற்குக் கை கழுவுதலும், ரத்தமும், ஆன்டிபயாட்டிக்கும், ரத்தக்கொதிப்பு பார்ப்பதும்தான் பெரிய காரணங்கள்.

தண்ணீரும் சாப்பாடும்

குழந்தை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் மாதங்களில் ஒரு தாயிடம் நாளுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பால் சுரக்கிறது. பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். இரண்டு டம்ளர் என்றால் அரை லிட்டர்கூட முழுசாக இல்லை. உடம்பு பாலை நிறுத்தாது, உங்களிடமிருந்து உறிஞ்சிக் கொடுக்கும். உங்கள் தலைசுற்றலுக்கும், மலம் கல்லாக இறுகுவதற்கும், சிறுநீர் மஞ்சளாகக் கடுத்துப் போவதற்கும் இது முக்கியமான காரணம். நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் போக வேண்டும். வெந்நீராகவே குடியுங்கள், தவறில்லை. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் இருக்கட்டும். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், சுக்குமல்லிக் காபி, மிளகு ரசம், பால் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இவற்றில் எதையும் ஆச்சி மறுக்கப்போவதில்லை.

வயிறு தொங்கிவிடும் என்பதைப் பார்ப்போம். குழந்தை பிறந்த கையோடு கர்ப்பப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடையில் தொப்புள் மட்டத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு விரல் அகலம் இறங்கி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் போய்விடும். ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே. தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இது நடக்கும். அதற்குப் பிறகும் வயிறு உப்பித் தெரிந்தால், விரிந்துபோன வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அதற்குப் பயிற்சிகள் இருக்கின்றன, ஆறு வாரம் கழித்துத் தொடங்கலாம். தையலில் சீழ் வைப்பது கிருமியால். பருப்பாலும் இல்லை, தண்ணீராலும் இல்லை. அந்தத் தையல் ஆறுவதற்குத் தேவையான புரதத்தைத்தான் பருப்பு தருகிறது.

பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் வழக்கத்தைவிட நாளுக்குச் சுமார் 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும். உங்கள் தட்டில் இப்போது சோறும் குழம்பும்தான் இருக்கின்றன. தென்மாவட்டப் பேறுகாலச் சமையலில் நல்ல சரக்குக்குப் பஞ்சமே இல்லை: உளுந்தங்களி, வெந்தயக்களி, முருங்கைக்கீரை, பூண்டுக் குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, நல்லெண்ணெய், கருப்பட்டி. உளுந்தங்களி ஒன்றிலேயே புரதமும் நல்ல கொழுப்பும் இருக்கின்றன. அவரைப்பிஞ்சு, கத்தரிப்பிஞ்சு, முருங்கைக்காய் மூன்றையும் பத்தியக் காய் என்று பழைய ஆட்களே ஒத்துக்கொள்வார்கள், அங்கிருந்து தொடங்குங்கள். அப்புறம் தினம் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பாசிப்பருப்பு, கொய்யாவோ மாதுளையோ பப்பாளிப் பழமோ ஒன்று. குளிர்சாதனப் பெட்டியில் வைக்காத பழம் என்றால் வீட்டில் எதிர்ப்பு பாதியாகக் குறையும். நீங்கள் பழம் தின்றால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. பால் எப்போதும் உங்கள் உடம்புச் சூட்டில்தான் சுரக்கும். பிறந்த குழந்தை மூக்கில் கறகறவென்று சத்தம் வருவது சாதாரணம், சளி என்று நினைக்க வேண்டாம்.

பால் சுறாப் புட்டு கேட்டிருக்கிறீர்கள். அது தின்றால்தான் பால் ஊறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெரிய சுறாக்களின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். ஆசைக்கு எப்போதாவது ஒரு நாள் சின்னச் சுறாவில் புட்டு செய்து சாப்பிட்டால் பயப்பட வேண்டாம். வாடிக்கையாகச் சாப்பிட நெத்திலியும் சாளையும் மேல். கருவாட்டில் உப்பு அதிகம். கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்பு இருந்தவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

இனி மாத்திரை. டிஸ்சார்ஜ் அன்று உங்கள் ஹீமோகுளோபின் 9.2 என்று எழுதியிருக்கிறீர்கள், குறைவு. சிசேரியனில் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போவது வழக்கம், அந்தக் கணக்கை உடம்பு இன்னும் ஈடுகட்டவில்லை. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும் என்பதுதான் அரசு வழிகாட்டுதல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். இன்றே மறுபடி தொடங்குங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்த்தால் நன்றாக ஏறும். காபி, டீ, பாலோடு சேர்க்காதீர்கள், சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் அது இரும்பின் நிறம், சூட்டுக்கு அறிகுறி இல்லை.

மருந்து, வெந்நீர், சேலைக்கட்டு

ஆச்சி கிளறும் மருந்தின் பொருள்களைப் பட்டியல் போட்டிருந்தீர்கள்: சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், பெருங்காயம், பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய், நெய். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாயுவைக் குறைக்கும், பசியைத் தூண்டும், நெய்யும் கருப்பட்டியும் தெம்பு தரும். காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு போதும். வயிறு எரிந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை நோய் இருந்தவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க ஊசி மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. வீட்டில் கிளறிய மருந்து வேறு, யாரோ தரும் பெயர் தெரியாத பொட்டலம் வேறு. செந்தூரம், பற்பம் என்று எதையாவது கலந்திருந்தால் அதில் என்ன உலோகம் இருக்கிறது என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. சித்த மருந்தில் நம்பிக்கை இருந்தால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போங்கள். அங்கே பட்டம் பெற்ற மருத்துவர் பார்த்துக் கொடுப்பார்.

வேது குளியலில் நொச்சி இலையும் வேப்பிலையும் போடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சூட்டைப் பற்றித்தான் என் கவலை. சிசேரியன் தையலைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குத் தோல் மரத்துப்போயிருக்கும். உணர்ச்சி திரும்பப் பல மாதம் ஆகும். மற்ற இடத்தில் ‘ஆ’ என்று கத்தவைக்கும் சூடு அங்கே தெரியவே தெரியாது, சாயங்காலம் பார்த்தால் கொப்புளம் போட்டிருக்கும். உங்கள் கை மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள், அங்கே இதமாக இருந்தால் அந்தச் சூடு போதும். வயிற்றில் தண்ணீரை ஓங்கி அடிப்பது கூடவே கூடாது. ரத்தம் குறைந்த உடம்பில் சுடுதண்ணீர் பட்டதும் ரத்தக்குழாய்கள் விரிந்து மயக்கம் வரும், அதனால் உட்கார்ந்தே குளியுங்கள், அம்மா பக்கத்தில் இருக்கட்டும். குளித்ததும் தையலைத் தேய்க்காமல் ஒற்றி, முழுக்க உலர்ந்த பிறகே துணி கட்ட வேண்டும்.

சேலைக்கட்டு கர்ப்பப்பையைச் சுருக்காது. ஆனால் சிசேரியன் ஆனவர்களுக்கு நடக்கும்போது, இருமும்போது தாங்கலாக இருக்கும், வலி குறையும். அந்த மட்டுக்கு நல்லது. நான்கு விரல் தாராளமாக நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்டுங்கள், படுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள். மூச்சுமுட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத் தசைகளின் மேல் இறங்கும்.

சாம்பிராணி மட்டும் வேண்டாம். பிறந்து இரண்டு வாரமே ஆன நுரையீரல் அந்த அறையில் மூச்சு விடுகிறது. கதவைச் சாத்திக் கரி நெருப்பு போடுவது பெரியவர்களுக்கே ஆபத்து. தலையை வெயிலில் உலர்த்திக்கொள்ளுங்கள்.

முதுகில் போட்ட ஊசியால்தான் இடுப்பு வலி, ஆயுசுக்கும் போகாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊசி நாள்பட்ட இடுப்பு வலியைத் தராது. குனிந்து குனிந்து பால் கொடுப்பதும், தளர்ந்த தசைகளும்தான் காரணம். முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

குழந்தை விஷயத்தில் பேரம் இல்லை

மேலே சொன்னவற்றில் விட்டுக்கொடுக்க நிறைய இடம் இருக்கிறது. இதில் இல்லை. ஆறு மாதம் முடியும் வரை குழந்தையின் வாய்க்குள் தாய்ப்பாலும், மருத்துவர் எழுதிய மருந்தும் தவிர எதுவும் போகக் கூடாது. வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வசம்பில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அளவு கொஞ்சம் கூடினாலும் வாந்தியும் மயக்கமும் வரும். உரைக்கும் கல்லிலும் விரலிலும் இருக்கும் கிருமி வேறு. இரண்டு முறை தடவியதற்காக இப்போது பயப்பட வேண்டாம், குழந்தை நன்றாகப் பால் குடித்துத் தூங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் வேண்டாம்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை, மூக்கை ஊதி எடுப்பதை, குழந்தையின் மார்க்காம்பைப் பிதுக்குவதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும், பிதுக்கினால் சீழ்க்கட்டி வரும். தொப்புளில் எதையும் வைக்காதீர்கள், காய்ந்து இருந்தால் போதும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஆசைப்பட்டால் ஆச்சியின் மடியில் கொடுங்கள். கால் நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டும் அந்தப் பக்குவம் அவருக்குத்தான் தெரியும். முகத்தில் எண்ணெய் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

பால் போதவில்லை என்று நீங்கள் நினைப்பது தவறு. நீங்கள் தந்த கணக்கே அதைச் சொல்கிறது. பிறந்த எல்லாக் குழந்தைக்கும் முதல் சில நாளில் எடை குறையும், பத்துப் பதினான்கு நாளில் பழைய எடைக்குத் திரும்பினால் போதும். உங்கள் மகளைப் பதினான்காம் நாள் கிராம சுகாதார செவிலியர் எடை போட்டபோது 2.95 கிலோ. நாளுக்கு ஆறுக்கு மேல் நனைந்த துணி மாற்றுகிறீர்கள். பால் தாராளமாகப் போகிறது. நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுங்கள், ராத்திரி கொடுப்பதை விடாதீர்கள், பால் ஊறுவதற்கு ராத்திரிதான் முக்கியம். பால்மாவு டப்பா வாங்கிவைக்க வேண்டாம்.

ராத்திரி அழுகை

பிரசவமான மூன்று நான்காம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை வருவது மிகவும் சாதாரணம். ஹார்மோன்கள் சடாரென்று இறங்கும் நேரம் அது. இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளிய வேண்டும். நீங்கள் பதினாறாம் நாளும் அழுகிறீர்கள், குழந்தையைத் தூக்கப் பயமாக இருக்கிறது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். இதை நான் சும்மா விடமாட்டேன். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அது ஒரு நோய். உங்கள் மனம் திடமில்லாததால் வந்ததும் இல்லை, நீங்கள் நல்ல தாய் இல்லை என்பதற்குச் சாட்சியும் இல்லை. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, பல பேருக்கு ஆலோசனையே போதும். இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அம்மாவிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆச்சியிடமும் கணவரிடமும்

பத்தியத்தை மொத்தமாக விட வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நாற்பது நாள் உங்களை அடுப்படிக்கு விடாமல், உட்காரவைத்துச் சோறு போட்டு, துணி துவைத்துக் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டித் தர இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நகரத்தில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் எத்தனையோ தாய்மார்கள் என் முன்னால் உட்கார்ந்து, இது கிடைக்கவில்லை என்று கலங்கியிருக்கிறார்கள். எந்த மருந்துச் சீட்டிலும் இதை என்னால் எழுதித் தர முடியாது. அந்தக் கவனிப்பை வைத்துக்கொண்டு, ஆபத்தானதை மட்டும் கழிக்க வேண்டும்.

“நீங்க சொல்றதெல்லாம் தப்பு” என்று ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். “ஆச்சி, ஆபரேஷன் பண்ணின உடம்புக்குத் தனிப் பத்தியமாம், டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க” என்று சொல்லிப் பாருங்கள். இது பொய் இல்லை. ஆச்சி பார்த்த பிரசவங்கள் வேறு, வயிற்றைத் திறந்து எடுத்த பிரசவம் வேறு. கிராம சுகாதார செவிலியர் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, தண்ணீரையும் வசம்பையும் பற்றி ஆச்சி முன்னால் பேசச் சொல்லுங்கள். ஊரில் பலருக்குத் தடுப்பூசி போட்ட கைக்கு ஒரு மரியாதை உண்டு. ஆச்சியைத் தையல் பார்க்கும் அன்று கூடவே கூட்டிப்போனால் இன்னும் நல்லது, அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, நீங்கள் அனுப்பும் வீடியோக்களில் சில சரியானவையே. ஆனால் அவை அங்கே இருப்பவர்களுக்கு நடுவில் உங்கள் மனைவியைத் தனியாக நிறுத்துகின்றன. சனி ஞாயிறு வந்து, ராத்திரி ஒரு முறை குழந்தைக்குத் துணி மாற்றி, ஏப்பம் விடவைத்துத் தூங்கப்போடுங்கள். மாமியாரிடம் தண்ணீரைப் பற்றி நீங்களே மரியாதையாகப் பேசுங்கள். முப்பதாம் நாள் பெங்களூருக்கு அழைப்பதென்றால், அங்கே பகலில் சமைக்க யார், ராத்திரி விழித்திருக்க யார் என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டு அழையுங்கள். பதில் இல்லை என்றால் நாற்பத்தைந்து நாளாவது அவர் அங்கேயே இருக்கட்டும்.

அலுவலகத்திலிருந்து மடிக்கணினியைத் திறக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பிரசவமான முதல் ஆறு வாரம் உங்களை வேலை வாங்கவே கூடாது. மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலாக எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், ஆச்சிக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக ரத்தம் போனாலோ. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அல்லது நாற்றமடிக்கும் கசிவு இருந்தாலோ. தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு வந்தாலோ. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒற்றைக் கால் வீக்கம் இருந்தாலோ. தையல் சிவந்து சீழோ நீரோ வடிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், உள்ளங்கால் வரை மஞ்சளானாலும் அதே அவசரம்தான்.

நாற்பத்திரண்டாம் நாள் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஹீமோகுளோபினும் ரத்தக்கொதிப்பும் பார்க்கச் சொல்லுங்கள், தழும்பைக் காட்டுங்கள், இடுப்புத் தசைப் பயிற்சி கேட்டு வாங்குங்கள். அடுத்த குழந்தைக்கான இடைவெளியைப் பற்றியும் அன்றே பேசிவிடுங்கள். மாதவிலக்கு திரும்பும் முன்பே கரு தரிக்க முடியும், சிசேரியன் தழும்பு ஆறக் கால அவகாசம் வேண்டும். குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசியும் அதே நாளை ஒட்டித்தான் வருகிறது, இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் மகப்பேறு மருத்துவர்